தலைவீடு, இரண்டாம் வீடு: காவிரிக்கரையில் ஐந்து நாள்

முதல் நாள் – தஞ்சாவூர்

தபால் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என் அத்தை. ஊர்ப்பெயர் சொன்னால் பின்கோடு சொல்வார். இன்று காலை பேருந்து தஞ்சாவூருக்குள் நுழைந்ததும் "613001" என்றார், யாரும் கேட்காமலே. இந்த ஐந்து நாளும் இப்படித்தான் போகப்போகிறது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

ஆட்டத்தையும் பாட்டையும் இன்றைக்கு நாம் பார்க்கும் உருவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் இந்தக் காவிரிப் பக்கத்தில் எங்கெங்கே வாழ்ந்தார்கள், அந்த இடங்களில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்து வருவதுதான் திட்டம். திட்டம் என்னுடையது. "விலாசம் இல்லாம எங்கடி போறது" என்ற கவலை அத்தையுடையது.

முதலில் பெரிய கோயில். காலை பத்து மணிக்கே கல் சுட்டது. விரித்திருந்த சணல் விரிப்பில் ஓடி ஓடித்தான் நடந்தோம். விமானத்தின் மேல்தளத்தில் சிவபெருமான் ஆடும் கரணச் சிற்பங்கள், அதாவது நாட்டிய நிலைகள், உண்டு. 108-இல் 81 மட்டும் செதுக்கி முடித்திருக்கிறார்கள், மிச்சக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. அங்கே நம்மை ஏற விடுவதில்லை. போகட்டும், நான் வந்தது கல்வெட்டுக்காக.

ராஜராஜன் இந்தக் கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடிவைத்தான். மற்றக் கோயில்களிலிருந்து வந்த ஆடல் மகளிர். அவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். பெயர் மட்டுமா? எந்தத் தளிச்சேரி (அவர்கள் குடியிருந்த தெரு), தெருவின் எந்தச் சிறகு (எந்தப் பக்கத்து வரிசை), அதில் தலைவீடா, இரண்டாம் வீடா, மூன்றாம் வீடா, முன்பு எந்த ஊர் எந்தக் கோயிலில் இருந்தவள் என்பது வரை இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருஷம் நூறு கலம் நெல். ஒருத்தி இறந்துபோனாலோ ஊர் பெயர்ந்தாலோ அந்தப் பங்கு நெருங்கிய உறவில் தகுதியான ஆளுக்குப் போகவேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. பட்டியல் அதோடு நிற்பதில்லை. நட்டுவம் செய்பவர்கள் (ஆட்டம் கற்றுக்கொடுத்து ஆட்டுவிக்கிற நட்டுவனார்கள்), வீணை, உடுக்கை வாசிப்பவர்கள், தையான், தச்சன், தட்டான், நாவிசன் (முடி திருத்துபவர்) என்று நீள்கிறது. ஒரு கலை நடக்க எத்தனை பேர் வேண்டும் என்பதை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

அத்தை சுவர் பக்கமாகவே வெகுநேரம் நின்றார். அவருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. "இதுல பின்கோடு மட்டும்தான் இல்ல" என்றார் கடைசியில். "இதை வச்சே தபால் பட்டுவாடா பண்ணிடலாம்."

மதியம் மேல வீதி. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள், தஞ்சை நால்வர், குடும்பமாக வாழ்ந்த தெரு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சரபோஜி மன்னர் காலத்தில் முத்துசுவாமி தீட்சிதரிடம் பயின்றவர்கள். அலாரிப்பில் தொடங்கி ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம் எனப் போய் தில்லானாவில் முடியும் கச்சேரி வரிசை இருக்கிறதே, இன்று அமெரிக்காவில் அரங்கேற்றம் செய்கிற குழந்தையும் ஆடுகிற அந்த வரிசை, அது இவர்கள் ஒழுங்கு செய்து தந்தது. கடைசித் தம்பி வடிவேலு திருவிதாங்கூர் போய் சுவாதித் திருநாள் அவையில் இருந்தார். 1834-இல் மன்னர் அவருக்குப் பரிசளித்த யானைத்தந்த வயலின் பெயர் பெற்றது. வெள்ளைக்காரர் கொண்டுவந்த பிடிலை நம் கச்சேரிக்குப் பழக்கியவர்களில் அவரும் ஒருவர். இதே வம்சத்தில் வந்த கந்தப்பப் பிள்ளைதான் பின்னாளில் நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதிக்கு ஆசான். 1925-இல் காஞ்சிபுரம் காமாட்சியம்மன் கோயிலில் ஏழு வயதில் பாலா அரங்கேறியது அவரிடம் கற்றுத்தான்.

தெருவில் நின்று பார்த்தோம். உச்சி வெயில், சாப்பாட்டு நேரம், யார் வீட்டுக் கதவையும் தட்ட மனம் வரவில்லை. நட்டுவனார்களுக்கு வம்சாவளி எழுதி வைத்திருக்கிறார்கள், தெருவும் தெரிகிறது. அவர்கள் கற்றுக்கொடுத்து ஆடிய பெண்கள் எந்தத் தெரு? இந்தக் கேள்வியை அத்தையிடம் கேட்டேன். வெள்ளரிப் பிஞ்சு வாங்கப் போய்விட்டார்.

இரண்டாம் நாள் – திருவையாறு

613204. தஞ்சையிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர்தான், அதற்குள் ஐந்து ஆறு. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. ஒவ்வொரு பாலத்திலும் அத்தை கும்பிட்டார். இரண்டில்தான் தண்ணீர் இருந்தது. கும்பிடு ஐந்துக்கும் ஒரே அளவு.

தியாகராஜர் சமாதிக்குப் போகிறவர்கள் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். கொஞ்சம் திரும்பி நின்றால் எதிரே ஒரு பெண்மணியின் சிலை, தியாகராஜரையே பார்த்தபடி. பெங்களூர் நாகரத்தினம்மாள். இந்தக் கோயிலைக் கட்டியவர்.

1878-இல் மைசூர்ப் பக்கம் பிறந்தவர். தேவதாசி மரபு. பாட்டு, ஆட்டம், கதை, நாலைந்து மொழிப் புலமை எல்லாம் கைவந்து சென்னையில் பெரிய பெயரோடும் பொருளோடும் வாழ்ந்தார். தஞ்சை அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் புலவர் தெலுங்கில் எழுதிய ஒரு சிருங்கார காவியத்தை, முந்தைய பதிப்பில் வெட்டித் தள்ளியிருந்த பகுதிகளையெல்லாம் சேர்த்து, 1910-இல் முழுசாக அச்சிட்டார். ஆபாசம் என்று வெள்ளைக்கார அரசு தடைபோட்டது. 1947-இல்தான் தடை நீங்கியது. ஆண் புலவர்கள் எழுதினால் பக்தி, பெண் எழுதினால் ஆபாசமா என்று சண்டைக்கு நின்றவர் இவர்.

1921 வாக்கில் அவர் குரு பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து ஒரு கடிதம். திருவையாற்றில் தியாகராஜரின் சமாதி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது, ஏதாவது செய் என்று. கடிதம் என்றதும் அத்தைக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பாத்தியா, ஒரு லெட்டர்!" ஆமாம், ஒரு லெட்டர்தான். நாகரத்தினம்மாள் வந்தார், பார்த்தார், நிலத்தை வாங்கினார், நகைகளை விற்றார், கோயில் எழுந்தது.

கோயில் கட்டியவருக்கு அங்கே பாட இடமில்லை. அப்போது ஆராதனை, அதாவது தியாகராஜரின் நினைவுநாள் விழா, நடத்தியவர்கள் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். இரண்டிலும் பெண்கள் பாடக் கூடாது. எல்லாவற்றிலும் சண்டை போட்டவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. நாகரத்தினம்மாள் அழுதுகொண்டு உட்காரவில்லை. 1927-இல் மூன்றாவதாகப் பெண்கள் கட்சியைத் தொடங்கி, சமாதிக்குப் பின்பக்கத்தில் தனி ஆராதனை நடத்தினார். 1940-இல் மூன்றும் ஒன்றாயின. இன்று அந்த நினைவுநாளான பகுள பஞ்சமியன்று ஆணும் பெண்ணும் வரிசையாக உட்கார்ந்து அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோமே, அதற்குப் பின்னால் இத்தனை இருக்கிறது. 1952-இல் மறைந்தார். சிலை அப்புறம் வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் கேட்டு முத்துலட்சுமி ரெட்டி போராடியபோது எதிர்த்து நின்றவர்களில் முன்வரிசையில் இருந்தவர் நாகரத்தினம்மாள். ஒரு சிலருக்காக எங்கள் எல்லோர் மேலும் பழிபோடாதீர்கள், எங்கள் கலையையும் சொத்துரிமையையும் பறிக்காதீர்கள் என்பது அவர் கட்சி. சட்டம் வந்தது சரிதான் என்பது என் கட்சி. ஆனாலும் இந்தச் சிலைக்கு முன்னால் நின்றுகொண்டு அதை உரக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அத்தை சிலை இருக்கும் இடத்தை ஒரு தரம் சுற்றி வந்தார். "இவங்களுக்கு மட்டும் எப்படி விலாசம் நிக்குது?" என்றார். நானே பதிலும் சொன்னேன்: சொந்தக் காசில் நிலம் வாங்கியவர், அதனால். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அசோகா அல்வா கால் கிலோ வாங்கிக்கொண்டு கும்பகோணம் பேருந்து ஏறினோம். பாசிப்பருப்பு இத்தனை நெய்யைக் குடிக்கும் என்று தெரியாது. பை முழுக்க நெய்.

மூன்றாம் நாள் – நரசிங்கம்பேட்டை, திருவாவடுதுறை

நேற்றிரவு கும்பகோணத்தில் தங்கினோம். அப்பாவும் அத்தையும் பிறந்து வளர்ந்த ஊர். "நம்ம பழைய வீட்டைப் பாத்துட்டுப் போவமா அத்தை?" என்றேன். "அது எப்பவோ வித்தாச்சு. பாக்க என்ன இருக்கு" என்றார். நான் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. அப்பா இருந்தபோதும் இதே பதில்தான்.

நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்கிறார்கள். 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்த ஊர். பட்டறை என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றுமில்லை, வீட்டோடு சேர்ந்த கொட்டகை. கடைசல் சுற்ற, ஆசாரி குச்சிபோல நீண்ட உளியை உள்ளே விட்டு மரத்தைக் குடைந்துகொண்டிருந்தார். தரையெல்லாம் சிவந்த தூள். மரம் ஆச்சா. புது மரம் ஆகாது. பல பத்து வருஷம் காய்ந்து ஈரம் முழுசாகப் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளந்துவிடும், நாதமும் நிற்காது.

"அவ்வளவு பழைய மரத்துக்கு எங்க போவீங்க?" என்றேன்.

"இடிக்கிற வீடுங்கதாம்மா. விட்டம், உத்தரம், தூணு. செட்டிநாட்டுப் பக்கம், இந்தப் பக்கம்னு, பழைய வீடு எங்க பிரிக்கிறாங்கன்னு சொல்லுவாங்க, போய்ப் பாத்து எடுப்போம்."

அத்தை சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு கட்டையை எடுத்துப் பார்த்தார். பழைய ஆணி அடித்த ஓட்டை ஒன்று அதில் இருந்தது. "இது எந்த ஊரு வீடு?" என்று கேட்டார். ஆசாரி சிரித்தார். அதையெல்லாம் யார் எழுதி வைக்கிறார்கள். "அப்ப இடிச்ச வீடு எங்கயோ கல்யாணத்துல ஊதிக்கிட்டு இருக்குன்னு சொல்லுங்க" என்றார் அத்தை. "ஆமாம்மா. நல்ல காரியத்துக்குத்தான் போகுது."

வாசிக்கும் துளை ஏழு. அது போக, விரல் படாத துளைகள் ஐந்து. அவற்றில் மெழுகை வைத்து அடைத்தும் குறைத்தும் சுருதி சேர்ப்பார்கள். கீழே விரிந்த அணசு, மேலே கெண்டை என்ற சின்னக் குழல், அதில் வாய்வைத்து ஊதுகிற சீவாளி. சீவாளி செய்கிறவர்கள் திருவாவடுதுறையில். ஆற்றங்கரையில் வளரும் ஒருவகை நாணலைக் காயவைத்து, அவித்து, மறுபடி காயவைத்து, மடித்து நூல் கட்டி, அப்புறம் சீவிச் சீவிச் சரிசெய்வது. கை நிறைய இருக்கிற கருவிக்கு உயிர் ஒரு விரல்கடையளவு நாணலில்.

இந்த ஊர் ரங்கநாத ஆசாரியும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் சேர்ந்துதான் இன்றைய பாரி நாகஸ்வரத்துக்கு உரு கொடுத்தார்கள். அதற்கு முன்பு இருந்தது திமிரி, குட்டையானது, சுருதி மிக உயரம், ஊதுகிறவருக்கு மார்பு நோகும். பாரி நீளமானது, சுருதி இறங்கியது, ஆற அமர ராகம் வாசிக்க இடம்கொடுத்தது. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் மணிக்கணக்கில் ஓடியதற்குப் பின்னால் அவர் மேதைமையோடு இந்த ஆசாரியின் அளவுகோலும் இருக்கிறது. ராஜராஜன் பட்டியலில் தச்சனுக்கும் பங்கு இருந்ததை இங்கே நினைத்துக்கொண்டேன்.

திருவாவடுதுறையில் வெயில் தாழ்ந்தபின் மடத்துத் தெருவில் நடந்தோம். ராஜரத்தினம் பிள்ளை 1898-இல் திருமருகலில் பிறந்தார், ஊர்ப்பெயராக ஒட்டிக்கொண்டது இது. ஆதீன வித்துவான். நாகஸ்வரக்காரர் என்றால் நின்று வாசிக்க வேண்டும், சட்டை போடக் கூடாது, குடுமி வைத்திருக்க வேண்டும் என்றிருந்த காலத்தில் கிராப் வெட்டி, கோட்டு மாட்டி, பாட்டுக்காரருக்குச் சமமாக மேடையில் உட்கார்ந்து வாசித்தவர். 1940-இல் காளமேகம் படத்தில் கதாநாயகனாகவே நடித்தார், இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன். 1947 ஆகஸ்ட் 14 அன்று ஆதீனத்துத் தம்பிரானோடு தில்லிக்குப் போய் வாசித்ததும் அவர்தான். காசு வந்த வேகத்தில் போய்விட்டது என்பார்கள். 1956-இல் மறைந்தார்.

தெருமுனை டீக்கடையில் ராஜரத்தினம் பிள்ளை என்றதும் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமலே "அவரு வாசிச்சா பாம்பு வந்து நிக்கும்னு எங்க தாத்தா சொல்வாரு" என்றார். பாம்பு விஷயம் எனக்குத் தெரியாது. டீ நன்றாக இருந்தது.

நான்காம் நாள் – பந்தநல்லூர்

மழை. காலையில் பிடித்தது மாலைவரை விடவில்லை, ஆகவே இன்று சின்னக் குறிப்புதான்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளை, 1869–1954. நால்வர் வம்சத்தில் வந்தவர். அவர் கற்றுக்கொடுத்த முறைக்கே பந்தநல்லூர் பாணி என்று பெயர் நிலைத்துவிட்டது. ருக்மிணி தேவி, ராம் கோபால், மிருணாளினி சாராபாய், சாந்தா ராவ் என்று எங்கெங்கிருந்தோ அவரிடம் வந்து கற்றிருக்கிறார்கள். இந்த நாலு பெயரும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அவர்களுக்கு முன்பு அவரிடம் கற்ற இந்தப் பக்கத்துப் பெண்கள் பெயர்களைத் தேடத்தான் வேண்டும்.

பசுபதீஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டு நிழற்குடையில் ஒதுங்கினோம். கூட ஒரு ஆடு. அத்தை பன்னிரண்டு வயது வரை நாட்டியம் கற்றவர். இது எனக்கே போன வருஷம்தான் தெரியும். "தட்டுக்கழிய கட்டையில தட்டிக்கிட்டே இருப்பாரு எங்க வாத்தியாரு. தாளம் தப்புனா கழி பறந்து வரும். கணுக்கால்ல சரியா வந்து விழும்." தெய்யா தெய் என்று முதல் காலம் சொல்லிக் காட்டினார், இரண்டாம் காலம் சொன்னார், மூன்றாம் காலத்தில் நாக்கு புரண்டு நின்றுவிட்டது. பேருந்து ஹாரன் மேல் பழி போட்டார். பேருந்து வந்ததே அரை மணி கழித்துத்தான்.

"ஏன் அத்தை நிறுத்திட்டீங்க?"

"எங்கப்பா போதும்னுட்டாரு."

"நல்லா வந்திருப்பீங்களே."

"நல்லா வந்ததாலதான் போதும்னாரு" என்றார். அவ்வளவுதான். ஆடு தும்மியது.

ஐந்தாம் நாள் – மயிலாடுதுறை, மூவலூர், திருவாளப்புத்தூர்

609001. வெயில் திரும்பிவிட்டது.

மயிலாடுதுறை எம்.கே. தியாகராஜ பாகவதர் 1910-இல் பிறந்த ஊர். பொற்கொல்லர் குடும்பம், பிறகு திருச்சிக்குப் போய்விட்டார்கள். 1934-இல் பவளக்கொடி, 1944 தீபாவளிக்கு ஹரிதாஸ். அது சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. படம் அங்கே ஓடிக்கொண்டிருக்கும்போதே நாயகன் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைக்குள். 1947-இல் விடுதலையாகி வந்தபோது காலம் மாறிவிட்டது. ஆட்டோக்காரர் ஐம்பது வயதுக்காரர்தான், ஆனால் பாகவதர் என்றதும் 'மன்மத லீலையை' எடுத்துவிட்டார். மேல் ஸ்தாயியில் பாலத்து மேட்டில் ஏறி, இறக்கத்தில் இறங்கினார். பாகவதருக்கு விலாசம் வேண்டாம், எல்லார் வாயிலும் குடியிருக்கிறார்.

ஊரை ஒட்டியே மூவலூர். தேவதாசி மரபில் வளர்ந்து, அந்த முறைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசி, அதைப்பற்றி 1936-இல் ஒரு நாவலும் எழுதிய ராமாமிர்தம் அம்மையாரின் ஊர். தாலியை, பொட்டுக் கட்டுவதை, மானத்தைப் பற்றி நேரடியாகப் பேசியவர். 1947-இல் சட்டம் வந்தது, அதைப் பார்த்துவிட்டு 1962 வரை இருந்தார். நாகரத்தினம்மாள் எதிர்த்த சட்டம், இவர் கேட்ட சட்டம். இருவரும் வாழ்ந்த ஊர்களுக்கு நடுவே அரை நாள் பேருந்துப் பயணம்கூட இல்லை.

கடைசியாகத் திருவாளப்புத்தூர். நான் வந்ததே இதற்குத்தான்.

1931-இல் சென்னை மியூசிக் அகாடமி மேடையில் முதன்முதலாகச் சதிர் ஏறியது. வக்கீல் ஈ. கிருஷ்ணய்யர் வற்புறுத்தி ஏற்பாடு செய்தார். கோயிலையும் கல்யாண வீட்டையும் விட்டு, டிக்கெட் வாங்கிப் பார்க்கிற சபைக்கு அந்த ஆட்டம் வந்தது அன்றைக்கு. பின்னால் பரதநாட்டியம் என்று பெயர் மாறி உலகம் சுற்றியதெல்லாம் அதற்கப்புறம். அன்று ஆடிய இருவர் ராஜலட்சுமி, ஜீவரத்தினம். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவிகள். 'திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்கள்' என்றுதான் அவர்களைக் குறிப்பிடுகிறார்கள். அம்மாவின் பெயரும் ஊரும் சேர்ந்ததுதான் விலாசம்.

பெட்டிக்கடையில் கேட்டேன். "கல்யாணின்னு முந்தி இருந்தாங்களே, டான்ஸு ஆடுறவங்க..."

"எந்தக் கல்யாணி? மாவு மில்லு கல்யாணியா, சத்துணவு கல்யாணியா?"

"இல்லைங்க, நூறு வருஷத்துக்கு முன்னால."

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கோயிலுக்குப் பின்பக்கத்துத் தெருவைக் காட்டி, அங்கே ஒரு ஆயா இருக்கும், அதுக்குப் பழசெல்லாம் தெரியும் என்றார்.

ஆயா திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். உட்காரச் சொல்லி, உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, கீரை ஆய்ந்த கை மெதுவானது.

"எதுக்குக் கேக்குறீங்க?" என்றார்.

பெரிய கலைஞர்கள், முன்னோடிகள், எழுத வேண்டும் என்று என்னவோ சொன்னேன்.

"இங்க அப்படி யாரும் இல்லம்மா. எல்லாரும் எப்பவோ போயிட்டாங்க. புள்ளைங்க படிச்சு நல்ல வேலைக்குப் போயிருச்சுங்க. பொண்ணுங்களுக்கு நல்ல இடத்துல ஆயிருச்சு. இப்பப் போயி அதைக் கேட்டுக்கிட்டு."

நான் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தேன். அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினார். ஐந்து நாளாக ஒவ்வொரு ஊரிலும் தெருவும் வீடும் கேட்டுக்கொண்டு வந்தவர்.

ஆயா இப்போது அத்தையைப் பார்த்தார். முகத்தை, நெற்றியை, சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த விதத்தை. நிமிர்ந்த முதுகை.

"நீங்க எந்த ஊரும்மா?"

"கும்பகோணம் பக்கம்" என்றார் அத்தை.

"கும்பகோணத்துல எந்தத் தெரு?"

அத்தை செம்பில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தார். செம்பை முந்தானையால் துடைத்துத் திண்ணையில் வைத்தார்.

"பஸ்ஸு போயிரும்டி, எந்திரி" என்றார்.